‘செக்’ என்னும் சொல்லின் யாத்திரை

ஆங்கிலச் சொற்களுள் ‘செக்’ என்பது நமக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. ரயில் வண்டியில் பயணச் சீட்டைச் செக் செய்கிறார்கள். மாநில எல்லையில் செக் போஸ்ட் இருக்கிறது. ஊரிலுள்ள பெற்றோருக்குப் பாங்கிச் செக் அனுப்பியவர்கள் நம்மில் பலர். கட்டம் போட்ட துணியையும் செக் என்கிறோம். ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை பொருள்கள் ஒரு சொல்லுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? இவை அனைத்தும் ஓர் ஆட்டப் பலகையிலிருந்து கிளைத்தவை என்பது வியப்புக்குரியதாகும்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் சதுரங்கம் என வழங்கிய ஆட்டம், ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிலிருந்து பாரசீகம் சென்றது. அங்கே எதிரியின் அரசனைத் தாக்கும்படி காய் நகர்த்துவோர், ‘ஷா’ என்று கூறி எச்சரித்தனர். ஷா என்றால் அரசன். அவ்வரசன் தப்ப வழியின்றி அகப்பட்ட நிலை ‘ஷா மாத்’. வட மாநிலங்களில் வாழும் நேயர்கள், இந்தியில் இன்றும் ‘ஷஹ்’, ‘மாத்’ என வழங்குவதைக் கேட்டிருப்பார்கள்.

அராபியர் வழியாக ஐரோப்பா சென்ற ஷா, பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஷெக்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. அதன் பன்மை வடிவமே ‘செஸ்’ என்னும் ஆட்டப் பெயர். அரசனுக்கு நேர்ந்த தடை, நாளடைவில் எதற்கும் நேரும் தடையாகப் பொருள் விரிந்தது. ‘கீப் இன் செக்’ என்னும் மரபுத்தொடருக்கு அடக்கி வைத்தல் என்பது பொருள். தடுத்து நிறுத்தினாலன்றோ சரிபார்க்க இயலும்? ஆகவே சோதித்தலும் செக் ஆயிற்று.

பலகையின் கதை தனியானது. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றி இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், அரசாங்கக் கணக்குப் பார்ப்பதற்கென ஒரு மேசை இருந்தது. அதன் நீளம் 10 அடி, அகலம் 5 அடி என்று கருவூல அதிகாரி ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் எழுதி வைத்துள்ளார். அதன்மேல் விரித்த கோடிட்ட கருந்துணியில் வில்லைகளை வைத்துக் கணக்கிட்டனர். சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால், அக்கருவூலத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. கட்டத் துணி பெயர் பெற்றதும் அப்பலகையின் சாயலாலேயே.

18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுப்பதற்காகப் பாங்கிகள் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குச் செக் என்று பெயர். பின்னர் பணம் பெறும் தாளுக்கே அப்பெயர் உரியதாயிற்று. எக்ஸ்செக்கரின் சாயலில் ஆங்கிலேயர் அதன் எழுத்தை மாற்றினர். அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர். ஒருவருக்கு முழு அதிகாரம் அளிப்பதைப் ‘பிளாங்க் செக்’ தருதல் என்பர். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால், வேறொரு நாள் வந்து காண்பதற்கு அமெரிக்காவில் வழங்கிய சீட்டு ‘ரெயின் செக்’. இன்று ஓர் அழைப்பைப் பணிவுடன் ஒத்திவைப்பதற்கும் அத்தொடர் பயன்படுகிறது.

வெளி மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழில் பிறமொழிச் சொற்கள் கலப்பது கண்டு நாம் கவலைப்படுகிறோம். கவலை நியாயமானதே. காசோலை, சோதனைச் சாவடி போன்ற நல்ல தமிழ்ச் சொற்களை அவர்களுக்குத் தருவது நம் கடமை. அத்துடன், வந்த சொல்லின் ஊரையும் வழியையும் விசாரித்துச் சொல்வோமாயின், மொழிப்பற்றோடு வரலாற்றறிவும் வளரும். ‘செக்’ என்னும் சொல்லை விசாரிக்கும் பிள்ளை, பாரசீகமும் பிரான்சும் இங்கிலாந்தும் கடந்து, இறுதியில் நம் சதுரங்கப் பலகையின் முன் வந்து நிற்கும்.