மவுஸ் ஜெயித்த போட்டியில் இசை இல்லை

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கிறவங்களுக்குப் பின்னணியில் லேசா ஒரு 'டக்… டக்' சத்தம் கேட்கும். எடிட்டிங்ல எடுக்கல, வேணும்னே விட்டு வச்சிருக்கேன். காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிற ஓரிக்கையில்தான் என் அறை. பக்கத்து வீட்டில் பட்டுத் தறி ஓடுது. அந்தச் சத்தத்துக்கு இந்த எபிசோடில் ஒரு வேலை இருக்கு. கொஞ்சம் பொறுங்க.

கம்ப்யூட்டரில் இசையமைக்கிற என் நண்பர்கள் பலருக்கு முப்பது வயசுக்கு முன்னாடியே வலது மணிக்கட்டு வலிக்குது. எனக்கும் இரண்டு வருஷமா இருக்கு. நாலு நிமிஷப் பாட்டுதான். ஆனால் அதில் ஒவ்வொரு நோட்டையும் பிடிச்சு இழுத்து, நகர்த்தி, வால்யூம் கோட்டை வளைச்சு வளைச்சு வரையணும். ஒரு ராத்திரியில் ஆயிரக்கணக்கில் கிளிக். டாக்டர் தொழிலை விடச் சொல்லல. "ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யறதைக் குறைங்க, வேற கருவி ஏதாவது பாருங்க" என்றார். சரி, மவுஸுக்குப் பதிலா என்ன வாங்குவது? கடைக்குப் போகும் முன்னாடி எனக்கு வேற ஒரு சந்தேகம் வந்தது. இந்த மவுஸை இசைக்காரன் கையில் கொடுத்தது யார்?

கதை அமெரிக்காவில் தொடங்குது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டும் பில் இங்கிலிஷும் 1964-ல் மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரம் வைத்து முதல் மவுஸைச் செய்தாங்க. 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் ஃப்ரான்சிஸ்கோவில் அதை உலகத்துக்குக் காட்டினாங்க. இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி நடுவில் இருக்கு. எந்தக் கருவி சிறந்தது என்று அவங்க ஒரு போட்டியே நடத்தினாங்க. முடிவுகள் 1967-ல் கட்டுரையாக வந்தன. மவுஸ், ஜாய்ஸ்டிக், லைட் பென் என்கிற ஒளிப்பேனா, இவற்றோடு இன்னொரு வினோதமும் களத்தில் இருந்தது: முழங்காலால் இயக்குகிற கருவி. மேஜைக்கு அடியில் மாட்டியிருப்பாங்க; முட்டியை இப்படி அப்படி அசைத்தால் திரையில் புள்ளி நகரும்.

சிரிக்காதீங்க. பழக்கமில்லாத புது ஆட்கள் கையில் கொடுத்தபோது, ஒளிப்பேனாவும் அந்த முழங்கால் கருவியும் மவுஸை விட வேகமாக இருந்தன. நன்றாகப் பழகியவர்களிடம்தான் மவுஸ் ஜெயித்தது. அதை விட முக்கியம், போட்டியில் கொடுத்த வேலை என்ன என்பது. திரையில் தெரிகிற எழுத்துகளில் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டணும். அவ்வளவுதான். எழுத்தைச் சுட்டுவதில் மவுஸ் வாங்கிய கோப்பையை வச்சுக்கிட்டுத்தான் நாம இன்னைக்கு வயலின் நோட்டை இழுக்கிறோம்.

மவுஸுக்கு மாற்று என்று இன்று விற்கிற டிராக்பால், உண்மையில் மவுஸுக்கு அண்ணன். 1946-லேயே பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் திரைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியாளர் உருளும் பந்து ஒன்றை உருவாக்கினார். 1952-ல் கனடா கடற்படையின் டேட்டார் திட்டத்தில் அந்தப் பந்துக்கு எதைப் பயன்படுத்தினாங்க தெரியுமா? பௌலிங் விளையாடுகிற பந்து! ஜெர்மனியில் டெலிஃபங்கன் நிறுவனம் இப்படிப் பதித்து வைத்த பந்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, கையோடு நகர்கிற மவுஸாக மாற்றியது. எங்கல்பர்ட் தன் மவுஸை மேடையில் காட்டிய அதே 1968-ல்தான் அதுவும் வெளிவந்தது.

இசை இந்தக் கதைக்குள் வரும்போது மவுஸோடு வரல. பேனாவோடு வந்தது. பாரிஸில் யானிஸ் செனாகிஸ் என்ற இசையமைப்பாளர் 1977-ல் யூபிக் என்ற கருவியைச் செய்தார். பெரிய வரைபலகை. அதில் மின்பேனாவால் கோடு இழுத்தால் அந்தக் கோடே ஒலியாகும். கோடு ஏறினால் சுருதி ஏறும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஃபேர்லைட் சிஎம்ஐ வந்தது. திரையிலேயே ஒளிப்பேனாவை வைத்து ஒலியலையை வரையலாம். பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் கையைத் தூக்கிப் பிடிச்சா தோள் என்ன ஆகும்? கை வலிக்குதுன்னு புகார் வந்து, 1985-ல் வந்த மூன்றாவது மாடலில் ஒளிப்பேனாவை எடுத்துட்டு, கீபோர்டு மேலேயே ஒரு வரைபலகையை வச்சுட்டாங்க. இசைக்காரன் கைவலிக்காக ஒரு கம்பெனி கருவியையே மாற்றியது அப்போதே நடந்திருக்கு என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் விலை என்ற ஒன்று குறுக்கே வந்தது. ஃபேர்லைட் பணக்காரர்களின் கருவி. 1985-ல் வந்த அட்டாரி எஸ்டி, வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் மிடி சாக்கெட் உள்ளேயே இருந்தது, கூடவே ஒரு மவுஸும் வந்தது. 1989-ல் அதே அட்டாரியில் க்யூபேஸ் வந்தது. பாட்டை இடமிருந்து வலமாகக் கட்டம் கட்டமாக அடுக்கி, மவுஸால் வெட்டி ஒட்டுகிற திரை. இன்று நீங்க எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் ஏறக்குறைய அதே திரைதான். இசைக்கு ஏற்றது இதுதான் என்று யாரும் சோதித்து மவுஸைத் தேர்ந்தெடுக்கல. பெட்டியோடு சேர்ந்து வந்தது, அப்படியே ஒட்டிக்கிச்சு.

நம்ம ஊரில் அதற்குள் வேலை ஆரம்பமாகியிருந்தது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்ஸரைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்து சீக்வென்ஸர்கள் பெரும்பாலும் பொத்தானும் குட்டித் திரையும் உள்ள பெட்டிகள். விரலால் வாசிச்சு உள்ளே ஏற்றணும். மணிக்கட்டை வைத்து நோட்டை இழுக்கிற தலைமுறை அதற்கு அப்புறம் வந்தது.

இப்போ அந்தத் தறிச் சத்தம். மியூசிக் சாஃப்ட்வேரில் நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டுகிற பகுதிக்குப் 'பியானோ ரோல்' என்று பெயர். ரோல் என்றால் நிஜமான காகிதச் சுருள். நூறு வருஷத்துக்கு முன்னாடி தானாக வாசிக்கும் பியானோக்கள் இருந்தன. துளை போட்ட காகிதம் ஓட ஓட, துளை வருகிற இடத்தில் கட்டை அமுங்கும். இதே யோசனை அதற்கு முன்பே நெசவில் இருக்கு. 1800-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பாவு நூலைத் தூக்கும் கருவியைக் கொண்டு வந்தார். துளை இருந்தால் நூல் ஏறும், இல்லைன்னா ஏறாது. பக்கத்து வீட்டுத் தறி மேல தொங்குகிற அட்டை மாலை அதேதான். புடவை பார்டரில் மாங்காயும் மயிலும் எங்கே வரணும்னு அந்தத் துளைகள் சொல்லும். என் லேப்டாப் திரையும் அந்த அட்டையும் தூரத்துச் சொந்தம்.

ஒரு நாள் அந்த நெசவாளரிடம், "அண்ணே, நாள் முழுக்க நாடா தள்றீங்களே, கை வலிக்காதா?" என்று கேட்டேன். "வலிக்காம இருக்குமா தம்பி? ஆனா பாதி வேலையைக் காலு பாத்துக்குதே" என்றார். குழித்தறியில் கால் இரண்டும் பள்ளத்துக்குள் மிதிகட்டை மேல இருக்கு. எந்த நூல் தூக்கணும் என்ற வேலைக்கு மிதியும் அட்டையும் பொறுப்பு. கைக்கு நாடா மட்டும். முழங்கால் கருவியைப் பார்த்து நாம சிரிச்சோமே, இவர் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் வேலை செய்றார்.

துளை என்பது உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். பியானோவுக்கு அது போதும். நம்ம இசைக்குப் போதாது. தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கோங்க. அது ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டம்தான் தோடி. பியானோ ரோலில் அதற்கு ஒரு கட்டம் போட்டு, கீழே பிட்ச் வளைவை மவுஸால் புள்ளி புள்ளியாக வரைந்து பாருங்க. ஒரு கமகத்துக்கு நாற்பது புள்ளி, அரை மணி நேரம். வருவதோ ஆம்புலன்ஸ் சைரன். மணிக்கட்டு வலியில் பாதி இங்கேதான் வருது. சைகையை வரையச் சொல்றோம், ஆனால் அதை வாசிக்கத்தான் வேணும்.

கீபோர்டின் இடது பக்கம் இருக்கிற பிட்ச் வீலை எடுத்துக்கோங்க. 1983-ல் வந்த மிடி முறையிலேயே அதற்கு 16,384 படிகள் இருக்கு. ஒரு தடவை கையால் ஆட்டி ரெக்கார்ட் பண்ணினா நாற்பது புள்ளி வேலை மூன்று நொடியில் முடியும். ஏ.ஆர். ரஹ்மான் இன்னும் ஒரு படி போனார். 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலில் கண்டினம் ஃபிங்கர்போர்டு வாசித்திருக்கிறார். அதில் கட்டைகளே கிடையாது. மெத்தென்ற நீளமான பரப்பு, விரல் சறுக்கினால் சுருதி சறுக்கும். 2009-ல் வந்த படம். பாட்டின் கடைசிப் பகுதியைக் கேளுங்க. விலை நமக்கு எட்டாதுதான். ஆனால் பிட்ச் வீல் சாதாரண மிடி கீபோர்டிலேயே இருக்கு.

இவ்வளவையும் படித்த பிறகு நான் தேடியது ஒரு கருவியை இல்லை. மவுஸ் செய்துகிட்டிருந்த வேலையை மூன்றாகப் பிரிச்சேன். சுட்டுவது, வாசிப்பது, ஓட்டுவது நிறுத்துவது.

சுட்டுவதற்கு டிராக்பால். கட்டை விரலால் உருட்டுகிற வகையை நான் வாங்கல. கீபோர்டும் மிருதங்கமும் வாசிக்கிறவனுக்குக் கட்டை விரல் சோறு போடுகிற விரல். வலியை மணிக்கட்டிலிருந்து அங்கே குடியேற்ற வேண்டாம். நடுவில் பெரிய பந்து வைத்து, மற்ற விரல்களால் உருட்டுகிற வகை நல்லது. இடது கையாலும் ஓட்டலாம், நாள் விட்டு நாள் கை மாற்றலாம். அதன் குறை இழுப்பதில் இருக்கு: பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பந்தை உருட்டுவது கஷ்டம். ஒரு பட்டனை 'இழுவைப் பூட்டு' ஆக மாற்றி வைத்தால் தீரும். பழக எனக்கு இரண்டு வாரம் ஆச்சு, முதல் மூணு நாள் எரிச்சல்.

ஓரிக்கை என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வாங்க. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்த, ஆழ்வாரும் கிளம்ப, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாராம். ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை', அது ஓரிக்கை ஆச்சு. மேஜை முழுக்க அலைகிற மவுஸ் பக்கத்தில், உட்கார்ந்த இடத்தில் உருளுகிற பந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர் ஞாபகம் வருது.

பேனா டேப்லெட் வளைவு வரைவதற்கு அருமை. ஆனால் ஸ்கிரீனில் இருக்கிற வட்டமான குமிழைத் திருப்ப பேனாவை நேரா மேலே இழுக்கணும். பலகையின் விளிம்பு வந்துடும், குமிழ் பாதியில் நிற்கும். டச்பேடில் பக்கவாட்டில் நகர்த்துவதும் இரண்டு விரலால் பெரிதாக்குவதும் சுகம், நீண்ட இழுவை விரல் நுனியைத் தேய்க்கும். இரண்டையும் நான் தவறாமல் கைவசம் வைத்திருக்கிற ஆள் இல்லை.

வாசிப்பதற்குப் பிட்ச் வீலும், வால்யூமுக்கு நாலு ஃபேடர் உள்ள சின்னப் பெட்டியும். ஓட்டுவதற்கு, வீட்டில் சும்மா கிடந்த சஸ்டெய்ன் பெடல். மிடி கீபோர்டில் சொருகி, சாஃப்ட்வேரில் 'மிடி லேர்ன்' அமுக்கி ரெக்கார்ட் பட்டனுக்குக் கொடுத்தேன். செலவு எதுவும் இல்லை. இப்போ ஒவ்வொரு டேக்குக்கும் காலை மிதிக்கிறேன், கை கீபோர்டிலேயே இருக்கு.

போன வாரம் அண்ணன் தறியை நிறுத்திட்டு வந்து ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். பெடலைக் காட்டினேன். "இதுக்குத்தான் இத்தனை புஸ்தகம் படிச்சியா?" என்று கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.