ஒரு சோலையும் கடலும்

நீலகிரி என்றதும் நினைவுக்கு வருபவை ஊட்டி ஏரி, தேயிலைத் தோட்டம், நீலகிரித் தைலம். வேடிக்கை என்னவென்றால், 1800-ல் இந்த மூன்றுமே அங்கு கிடையாது!

மலையின் பழைய முகம் வேறு. மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் நெருக்கமான குட்டை மரங்கள் கொண்ட சோலைக்காடு. மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையாகக் கசியவிடுவது இவைதான். தோடர்கள் எருமை மேய்த்ததும் அந்தப் புல்வெளிகளில்தான்.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்தார். தோடர்களின் நில உரிமைக்காக வாதாடியவர் அவர். ஆனால் பொதுவாக வெள்ளைக்காரர்களின் கண்ணுக்குப் புல்வெளி என்பது சும்மா கிடக்கும் நிலம். விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. பின்னர் தேயிலை வந்தது. இந்தப் பழக்கம் சுதந்திரத்தோடு நிற்கவில்லை. மலையில் வளர்ந்த அதே மரங்கள் அடிவாரத்தில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையில் கூழாயின. ஆலைக் கழிவு பவானி ஆற்றில் கலக்க, கரையோர மக்கள் போராட வேண்டியிருந்தது. மேலே செய்த தவறு கீழே போய்ச் சேர எத்தனை நேரமாகும்!

இவ்வளவுக்கும் நடுவே கோத்தகிரி ஊரை ஒட்டி 116 ஹெக்டேர் சோலை ஒன்று தப்பிப் பிழைத்தது. பெயர் லாங்வுட் சோலை. சுற்றியுள்ள பல கிராமங்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான். விறகு வெட்டும் மாடு மேய்ச்சலும் அதை அரித்துக்கொண்டிருந்தபோது, ஊர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்து வனத்துறையோடு கைகோத்தார்கள். அந்நியச் செடிகளைப் பிடுங்கினார்கள், சோலை மரக் கன்றுகளை வளர்த்து நட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, குழாயில் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தண்ணீர் கோத்தகிரியோடு நிற்பதில்லை. நீலகிரியின் கிழக்கு ஓடைகள் பவானியிலும் மோயாற்றிலும் சேர்ந்து, பவானிசாகர் அணைக்கு வந்து, பவானி கூடுதுறையில் காவிரியாகி, டெல்டா வழியே வங்கக் கடலுக்குப் போகின்றன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் உப்புத் தண்ணீரில் கலக்கும் நன்னீர் காவிரியின் கிளையாறுகள் கொண்டுவருவது.

2024 ஜனவரியில் லாங்வுட் சோலை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மலைக்காடு எப்படி ஈரநிலமாகும் என்று பலர் வியந்தார்கள். முத்துப்பேட்டையை உள்ளடக்கிய கோடியக்கரை 2002-லேயே அதே பட்டியலில் இடம்பிடித்துவிட்டது.