வாசலைத் தாண்டாத பூரணம்

இந்தியாவில் சீன உணவின் வரலாறு பெரும்பாலும் உணவகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பின் சமையலறையில் கோழித் துண்டுகளைப் பச்சை மிளகாயும் பூண்டும் சோயா சாறும் சேர்த்துப் புரட்டி ‘மஞ்சூரியன்’ என்று பெயரிட்ட கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதே கல்கத்தாச் சீனர்களின் வீடுகளில் கொத்திய பன்றியிறைச்சியை மாவுத்தோலில் பொதிந்து அவித்த கொழுக்கட்டைக்கு அப்படியொரு கதை கிடைக்கவில்லை. கான்டனீய மொழியில் அதன் பெயர் சியூ மாய். அதைக் கண்டுபிடித்தவர் என்று எவரும் உரிமை கோரவில்லை. நாடெங்கும் பெருகிய சீன உணவகங்களின் பட்டியலிலும் பன்றியிறைச்சியோடு அது இடம்பெற்றது அரிது. இந்தியாவில் இந்தக் கொழுக்கட்டை வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் இறைச்சி மாறிவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது சுவையை மட்டும் பொறுத்ததன்று.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில், டாங் அச்சியூ என்ற வணிகர் ஹூக்ளிக் கரையில் பட்ஜ் பட்ஜ் அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவினார். அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் சீனர்கள் கல்கத்தா நகருக்குள் பவ்பஜார், டிரெட்டா பஜார் பகுதிகளில் குடியேறினர். (டிரெட்டா என்பது வெனிசுப் பகுதியிலிருந்து வந்து கல்கத்தாவில் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் மேற்பார்வையாளராக இருந்த ஓர் இத்தாலியரின் பெயர். காஸனோவாவின் நினைவுக்குறிப்புகளில் வரும் டிரெட்டாவும் இவரே என்பர்.) கான்டனீயர் தச்சர்களாயினர், ஹக்காக்கள் செருப்புத் தைத்தனர், 20-ஆம் நூற்றாண்டில் நகரின் கிழக்கு விளிம்பிலுள்ள டாங்ராவில் தோல் பதனிட்டனர், ஹூபெய் மாநிலத்தார் பல் மருத்துவம் பார்த்தனர்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்குடியிருப்பைப் பார்த்து எழுதிய சலோனர் அலபாஸ்டர், தச்சர்களோடும் செருப்புத் தைப்போரோடும் பன்றிக் கொழுப்பை உருக்கி விற்போரையும் சீனர் தொழில்களில் ஒன்றாகக் குறிக்கிறார். பன்றி ஆவணத்தில் ஏறுவது இப்படித்தான்: விற்பனைப் பொருளாக, ஆண்களின் தொழிலாக. சமையலறை அந்த ஆவணத்தில் இல்லை. இல்லாததற்கு நேரான காரணமும் உண்டு. தொடக்கத்தில் வந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். சீனப் பெண்கள் பெருமளவில் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். உள்நாட்டுப் போரும் ஜப்பானியப் படையெடுப்பும் சீனாவைக் கலைத்த ஆண்டுகளில் குடும்பங்களாக வந்தோர் மிகுந்தனர். வீடு என்ற ஒன்று அமைந்த பிறகே வீட்டுக் கொழுக்கட்டைக்கு இடம் உண்டாயிற்று.

ஏனெனில் அது தனியொருவர் செய்து முடிக்கும் பண்டமன்று. இறைச்சியை அரைவை இயந்திரத்தில் இட்டால் நார்கள் நசுங்கிச் சாறு பிரிந்துவிடும். ஆதலால் அகன்ற வெட்டுக்கத்திகள் இரண்டை இரு கைகளிலும் ஏந்தி, மாற்றி மாற்றிக் கொத்துவதே பழைய முறை. தோள்பகுதி இறைச்சியே ஏற்றது; அதில் கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும். கொத்திய இறைச்சியில் முதலில் உப்பையே சேர்ப்பர். உப்புப் பட்டதும் இறைச்சியிலுள்ள புரதம் கசிந்து பசைபோலாகும். பிறகு ஒரே திசையில் கிளறிக்கொண்டே கரண்டி கரண்டியாக நீர் விட்டால், அந்த நீர் முழுவதையும் இறைச்சி உள்வாங்கிக்கொள்ளும். இஞ்சிச் சாறு, வெள்ளை மிளகுத்தூள், சோயா சாறு, சில சொட்டு எள்ளெண்ணெய் ஆகியவை அதற்குப் பின்னரே. பூரணம் குளிர்ந்து இறுகும் வரை ஒருவர் மாவைத் தேய்க்க, இன்னொருவர் வட்டமாக வெட்ட, சிறுவர்கள் தட்டில் மாவு தூவி அடுக்க, வீடு முழுவதும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துவிடும். சியூ மாயின் சொப்பு காகிதம் போல மெலிந்தது. முட்டை சேர்த்துப் பிசைவதும் உண்டு. அதை முழுக்க மூடுவதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இடுப்பைப் பிடித்தாற்போல் அழுத்த, வாய் திறந்த சிறு குடமாக நிற்கும். கொதிக்கும் நீரின் மேல் பத்து நிமிடம் போதும்.

கொழுப்பைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். பன்றிக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த சூட்டில் உருகுவது. ஆவியில் அது இளகி, இறைச்சி உள்வாங்கிய நீரோடு கலந்து சொப்புக்குள் சாறாகத் தேங்குகிறது. கோழியிறைச்சியில் அக்கொழுப்பு இல்லை. கோழி வைத்துச் செய்வோர் எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தும், வெங்காயத்தையும் முட்டைக்கோஸையும் கூட்டியும் அந்த ஈரத்தை ஈடுகட்டப் பார்க்கின்றனர். ஈடாவதில்லை என்பதே உண்டவர்களின் தீர்ப்பு. தெருக்கடை மோமோவுக்குக் காரமான சிவப்புச் சட்னி இன்றியமையாததாகிவிட்டதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் உணவகம் நடத்துவோர் கோழியையே தேர்ந்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பன்றியை விலக்கும் முஸ்லிம்களும், மாட்டை விலக்கும் இந்துக்களும், பன்றியையும் இழிவெனக் கருதும் மேல்சாதியாரும் ஒரே கூடத்தில் வந்தமர வேண்டுமெனில் எஞ்சுவன கோழியும் ஆடும் இறாலும் காய்கறியுமே. சமையலறையில் பன்றி இருக்கிறது என்ற ஐயமே பல வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிவிடும். இவ்வாறு ஒரே குடும்பத்துக்கு இரண்டு சமையல்கள் உருவாயின: கடைமுகப்பில் மஞ்சூரியனும் மிளகாய்க் கோழியும், பின்கட்டில் பன்றியிறைச்சியும் உப்பிலிட்ட கடுகுக்கீரையும். முன்னதற்கு உலகப் புகழ் கிடைத்தது. பின்னது உறவினரும் அண்டைவீட்டாரும் மட்டும் அறிந்ததாக நின்றது.

அந்தப் பின்கட்டு 1962-இல் வேறொரு பொருள் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 20-இல் எல்லையில் போர் மூண்டு, நவம்பர் 21-இல் சீனாவின் போர்நிறுத்த அறிவிப்போடு ஓய்ந்தது. போர் ஒரு மாதம்தான். இந்தியச் சீனர்களுக்கு அதன் விளைவுகள் பல்லாண்டு நீடித்தன. பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவர் பகைநாட்டுக் குடியாக இருந்திருந்தாலும் ஒருவரை அயலாராக நடத்த வழிசெய்யும் சட்டம் அவ்வாண்டே வந்தது. அஸ்ஸாமின் மாகும், தின்சுகியா, மேகாலயாவின் இன்றைய தலைநகரான ஷில்லாங், வங்கத்தின் டார்ஜிலிங் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தியோலி முகாமுக்கு ரயிலில் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் அஸ்ஸாமியும் நேபாளியும் இந்தியும் பேசியோர் பலர். சிலர் 1967 வரை அங்கேயே இருந்தனர். கல்கத்தாவில் எஞ்சியோர் காவல்நிலையத்தில் பதிவு செய்யவும், ஊரைவிட்டுச் செல்ல அனுமதி பெறவும் வேண்டியிருந்தது. துறைமுகத் தச்சர்கள் பலர் வேலையிழந்தனர். சீன எழுத்துப் பலகை, சீனப் பள்ளி, சீன நாளிதழ் என வெளியில் தெரிந்த ஒவ்வோர் அடையாளமும் ஐயத்துக்குரியதாயிற்று. அடுப்பின் மேலிருந்த ஆவிப்பாத்திரத்தை எவரும் சோதனையிடவில்லை.

டிரெட்டா பஜாரின் காலைச் சந்தையை இப்பின்னணியில் வைத்தே பார்க்கவேண்டும். இன்று அது சுற்றுலா வழிகாட்டி நூல்களில் ‘சீனக் காலையுணவு’ என்று இடம்பெறுகிறது. ஞாயிறு விடியலில் போத்தார் கோர்ட் கட்டடத்தின் பின்புறம் கூடி, எட்டு ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். அங்கே விற்கப்படும் சியூ மாயும், பன்றியிறைச்சி பொதிந்த பாவ் ரொட்டியும், மீன் உருண்டைச் சாறும் நெடுங்காலமாக வீடுகளில் பெண்களும் முதியவர்களும் இரவெல்லாம் செய்து, விடியலில் பாத்திரத்தோடு சுமந்து வந்தவை. கடை வாடகை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, பணியாளர் இல்லை. வாங்குவோர் பெரும்பாலும் அதே தெருவினராக இருந்தமையால் இறைச்சியை மாற்றவேண்டிய தேவையும் எழவில்லை. சமையலறை இங்கே வாசலைத் தாண்டியது மெய். தெருமுனைக்கு அப்பால் அது செல்லவில்லை.

இந்தியா இக்கொழுக்கட்டையைப் பரவலாக அறிந்தது மோமோ என்ற பெயரில், இமயமலை வழியாக. அங்கும் நிகழ்ந்தது இதுவே. லாசாவில் வணிகம் செய்த காட்மாண்டு நேவார்கள் அதை நேபாளத்துக்குக் கொணர்ந்து எருமையிறைச்சியில் செய்தனர் என்பது பரவலான கருத்து. 1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து வந்த திபெத்திய அகதிகளோடு அது டார்ஜிலிங், காலிம்போங், சிக்கிம் பகுதிகளில் மேலும் வேரூன்றியது. திபெத்தில் அதற்கு உரிய இறைச்சி யாக். மலையின் இந்தியச் சரிவில் யாக் எளிதில் கிட்டாது. ஆனால் ராய், லிம்பு, லெப்சா வீடுகளில் பன்றி வளர்ப்பது வழக்கம். திபெத்தியச் சொப்பில் கிழக்கு மலைகளின் பன்றி புகுந்ததற்கு இந்த அண்டை வாழ்வையே காரணமாகக் கொள்ளலாம். காலிம்போங்கின் பன்றி மோமோ அகதியும் உள்ளூராரும் ஒருவர் அடுக்களையில் மற்றவர் கற்றுக்கொண்ட பண்டம்.

மலையிலிருந்து டெல்லிக்கும் பெங்களூருக்கும் இறங்கிய மோமோ, கல்கத்தாச் சீன உணவகம் சென்ற வழியிலேயே சென்றது. கோழி மோமோவும் காய்கறி மோமோவும் நாடெங்கும் தெருமுனைகளைப் பிடித்தன. பன்றி மோமோ மலைகளிலும் வடகிழக்கிலும், பெருநகரங்களில் அப்பகுதி மாணவர்கள் தங்கும் அறைகளிலும் நின்றுவிட்டது. இதில் ஒரு முரண் உண்டு. திபெத்தியப் பௌத்தரிடையே, இறைச்சி தவிர்க்கமுடியாதெனில் பெரிய விலங்கையே கொல்லவேண்டும் என்ற எண்ணம் நிலவியது. ஒரு யாக்கின் உயிர் பல நாள் பலருக்கு உணவாகும். கோழியோ ஒரு வேளைக்கு ஓர் உயிர். மீனும் கோழியும் பழைய திபெத்தில் விரும்பப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம். எவரையும் புண்படுத்தாத இறைச்சி என்று இந்தியச் சந்தை தேர்ந்தது, திபெத்திய அறக்கணக்கில் மிகுந்த உயிர்களைக் கோருவதாக அமைந்தது. மாநகரத்து நடைபாதையில் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க விற்பவருக்கு வசதியில்லை.

அந்த மாணவர் அறைகளில் பன்றியிறைச்சி சமைப்பது வீட்டுக்காரருடன் தகராறாக முடிவதுண்டு. வாசனை போகாதிருக்க சன்னலைச் சாத்துவதா, புகை வெளியேறத் திறப்பதா என்ற கேள்வி பல வடகிழக்கு இளைஞர்களுக்கு அன்றாடம். ‘வீட்டில் செய்வது’ என்பதன் பொருள் இங்கே குறுகிவிடுகிறது: வேறெங்கும் செய்ய இயலாதது.

கல்கத்தாவில் வீடுகளே குறைந்துவிட்டன. 1962-க்குப் பின் தொடங்கிய வெளியேற்றம் நிற்கவில்லை. 1996 டிசம்பரில் டாங்ராவின் தோல் பதனிடும் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் அது மேலும் விரைந்தது. ஆலைகள் சில உணவகங்களாயின. பெருந்தொகையினர் கனடாவின் டொரான்டோவில் குடியேறினர். அங்கே ‘ஹக்கா உணவு’ என்ற பலகையைக் கண்டு உள்ளே செல்வோருக்குக் கிடைப்பது மிளகாய்க் கோழியும் மஞ்சூரியனும். அவர்களின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தெற்காசியர்கள். ஆகவே அக்கடைகளுள் பல ஹலால் உணவகங்கள். பன்றியிறைச்சி மலிவாகவும் தடையின்றியும் கிடைக்கும் அந்நகரிலும் ஹக்காக் குடும்பங்கள் அதைக் கொத்துவது கடை மூடிய பிறகு, தம் வீட்டு மேசையில்.