விரல் நுனியில் இ.சி.ஜி.: ஆனந்த் கிராமங்களிலிருந்து கீரனூருக்கு

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் இருக்கும் கீரனூர், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். இங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் நெஞ்சு வலித்தால்தான் இ.சி.ஜி. நினைவுக்கு வரும். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு பெரும்பாலும் வலிப்பதில்லை. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கொஞ்சம் படபடப்பு, கொஞ்சம் மூச்சு வாங்கல் என்று நாள் தள்ளியவர்களுக்கும், எதையுமே உணராதவர்களுக்கும் ஒரு காலை கை கால் இழுத்துக்கொள்ளும்போதுதான் விஷயம் தெரிகிறது. இக்கோளாறு பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991-இல் காட்டியது.

நோயாளி கருவியைத் தேடி வராமலே இதயத் துடிப்பைப் பதிவு செய்வது புதிய எண்ணமல்ல. நெதர்லாந்தின் லைடன் நகரில் உடலியலாளர் வில்லெம் ஐந்தோவன் அமைத்த இ.சி.ஜி. கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். அதை நகர்த்த முடியாததால், சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனை நோயாளிகளின் இதய மின்னோட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே ஆய்வகத்துக்கு வரவழைத்தார். அந்த முயற்சியை அவர் 1906-இல் வெளியிட்டார். 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ், முற்றிலும் ஒழுங்கற்ற நாடிக்குக் காரணம் மேலறை நடுக்கமே என்று இ.சி.ஜி. கொண்டு நிறுவினார்.

அதன்பின் ஒரு நூற்றாண்டு முழுக்கக் கருவி சிறுத்துக்கொண்டே வந்தது. 2012 இறுதியில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற அலைவ்கோர், ஸ்மார்ட்ஃபோனின் பின்புறம் பொருத்தும் இரண்டு உலோகத் தகடுகள் மட்டுமே. இரு கை விரல்களையும் வைத்து அரை நிமிடம் அசையாமல் இருந்தால் ஒற்றைத் தடப் பதிவு திரையில் ஓடும். 2014-இல் சிட்னி மருந்துக் கடைகளில் 1,000 வாடிக்கையாளர்களைப் பரிசோதித்தபோது, அதுவரை கண்டறியப்படாத கோளாறு 1.5 சதவீதத்தினரிடம் வெளிப்பட்டது.

இந்தியக் கிராமங்களில் இதைச் செய்து பார்த்த முக்கியமான களம் குஜராத்தின் ஆனந்த் மாவட்டம். அபூர்வ் சோனியும் சகாக்களும் ஆறு கிராமங்களில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய முதல் ஆய்வு 2016-இல் வெளியானது, 5.1 சதவீதத்தினரிடம் கோளாறு தெரிந்தது. நம் ஊர்களில் இது அரிய நோய் என்ற நம்பிக்கையை அசைத்த எண் அது. பிறகு 50 கிராமங்களில், 40 வயதைத் தாண்டிய 2,000-க்கும் மேற்பட்டோரிடம் விரிவாக நடத்திய ‘ஸ்மார்ட்-இந்தியா’ ஆய்வில் (2019) அது 1.6 சதவீதமாக இறங்கியது. வயது வரம்பு தாழ்ந்ததும் மாதிரி பெருகியதும் இதில் பங்கு வகித்திருக்க வேண்டும். என் பார்வையில் இந்த எண்களைவிடப் பெரியது ஆய்வின் முறை. ஒருவரை ஒரு முறை பார்த்துவிட்டு நகராமல், பல நாட்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். வந்து வந்து மறையும் கோளாறு ஒரே பதிவில் பிடிபடாமல் போகலாம். முகாம் போட்டு மாலையில் கூடாரத்தைப் பிரித்துவிடும் நம் வழக்கம் இதற்குப் பொருந்தாது.

கண்டுபிடித்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. டென்மார்க்கின் ‘லூப்’ ஆய்வு (2021) தோலுக்கடியில் பொருத்திய கருவியால் மூன்று மடங்கு அளவுக்குக் கோளாறுகளைக் கண்டறிந்தும் பக்கவாதத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. அதே ஆண்டு வெளியான சுவீடன் ஆய்வு சிறு பலனைக் காட்டியது. 2022-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, பரவலான பரிசோதனையைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது.

இவை பெரும்பாலும் முதியோரும் ரத்தக்கொதிப்பும் சார்ந்த உலகத்தின் முடிவுகள். நம்மிடம் இன்னொரு கூட்டமும் உண்டு: சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டு, அது ருமாட்டிக் காய்ச்சல் என்று அறியாமலே இதய வால்வு சுருங்கிப்போனவர்கள். நாற்பதைத் தொடாத பெண்களும் இவர்களில் இருக்கிறார்கள். கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய ‘இன்விக்டஸ்’ ஆய்வில் (2022) ருமாட்டிக் இதய நோயோடு இந்தத் துடிப்புக் கோளாறும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மாத்திரையான ரிவராக்ஸபானைவிட, பழைய வார்ஃபரின் வகை மருந்துகளை உட்கொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆக, ஃபோனில் ஓடும் கோடு ஒழுங்கின்மையைச் சொல்லும்; எந்த மாத்திரை என்று சொல்லாது. அதற்கு இதய வால்வைக் காட்டும் எக்கோ ஸ்கேன் வேண்டும். வார்ஃபரின் தொடங்கினால் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை விடாமல் நடக்க வேண்டும். வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருப்பவருக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் வருமானம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. விரல் வைக்கும் கருவியும் அதன் ஊழியர்களின் பையில் சேரலாம். அதற்கு முன்பே, செலவில்லாத ஒன்றைத் தொடங்கலாம்: 65 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் நாடி பிடித்துப் பார்ப்பது. ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல்களும் நாடி பார்த்தலை ஏற்கத்தக்க முதல் படியாகவே வைத்தன. நாடி தாறுமாறாக இருந்தால் ஃபோன் பதிவு, பதிவைப் படித்து அன்றே பதில் சொல்ல ஒரு மருத்துவர், எக்கோவுக்குப் புதுக்கோட்டையில் குறித்த தேதி, ஐ.என்.ஆர். சோதனை கீரனூரிலேயே. மூட்டுக் காய்ச்சல் கண்டவர்களுக்கோ, மூச்சு வாங்கும் இளம் பெண்களுக்கோ வயது வரம்பு பார்க்கக் கூடாது. கருவி வாங்கும் கோப்பில் கையெழுத்திடும் முன் இந்தக் கடைசிக் கண்ணிகளுக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும்.