கடைசி வாங்குப் பிள்ளைக்கு யார் பதாகை கட்டுவது?

புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் நமது ஊர்ப் பாடசாலை மதில்களில் பதாகை ஏறிவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் படம், புள்ளி, வாப்பாவின் பெயர். மாஷா அல்லாஹ், நாமும் வாழ்த்துகிறோம். ஆனால் 200க்கு 70ஐத் தாண்டாத பிள்ளையும் அதே ஐந்து வருடம் எங்களிடம்தானே இருந்தது?

இந்தப் பரீட்சை வந்த காலத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. பர்மா அரிசி வருவது நின்றது. நெல் உற்பத்தியைக் கூட்டுவதற்காக அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். (அம்பாறை மாவட்டம் 1961இல்தான் வந்தது. அன்று நாமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தார்.) வயலைப் பார்க்க வந்தவர் நம் மக்களின் வறுமையையும் கல்வியில் பின்தங்கியிருந்ததையும் கண்டார். அங்கேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த எண்ணமே வளர்ந்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியானது. வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகள் அதனால் பல்கலைக்கழகம் வரை போனார்கள்.

அதே 1945, ஒக்டோபர் 1ஆம் திகதி. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தெரிந்து, மத்திய கல்லூரி விடுதியில் தங்கவைத்துப் படிப்பித்தார்கள். புலமைப்பரிசிலின் வேர் அதுதான். ஏழைப் பிள்ளைக்குத் திறந்த வாசல், வகுப்புப் போட்டியாக மாறியது பிறகுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த உதவிகளெல்லாம் ஏறத் தொடங்கிய பிள்ளைக்கே கை கொடுத்தன. எழுத்துக் கூட்டவே முடியாமல் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைக்கு?

அதற்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் அவ்வருடம் கம்பஹாவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுக்க வந்தது. தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை, 3, 4 அடுத்தது, 5 கடைசி. ஒவ்வொரு நிலை முடிவிலும் எந்தப் பிள்ளையும் பெற்றிருக்க வேண்டிய அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள் எவை என்று எழுதி வைத்தார்கள். பெறாத பிள்ளைக்குப் பரிகாரக் கற்பித்தல். யார் முதலாம் பிள்ளை என்ற கேள்வியே அதில் இல்லை. ஆரம்பப் பிரிவுக்கு வந்தவற்றில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது எங்கள் கருத்து. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றால் பதிவேட்டை அவசரமாக நிரப்புவோம். பொய் சொல்லக் கூடாது, நாங்களும் நிரப்பியிருக்கிறோம்.

இந்தத் தவணை எங்கள் தரம் 3இல் ஆறு பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரவில்லை. பாடசாலை விட்டபின் அரை மணித்தியாலம் மறிக்கிறோம். மூன்று பேர்தான் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கு வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். மற்றவனை உம்மா வயல் வேலைக்குப் போகுமுன் கூட்டிப் போய்விடுகிறார். அவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் வீட்டில் தரம் 1, 2 பழைய வாசிப்புப் புத்தகங்கள் கிடந்தால் கொண்டு வந்து தாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.