பணியாளர் பங்கு ஒதுக்கீடு

நிறுவனம் தன் ஊழியருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகத் தன் பங்குகளையோ, அவற்றை வாங்கும் உரிமையையோ தரும் ஏற்பாடு. இந்தியாவில் பொதுவாக ‘ஈசாப்’ என்பார்கள். தொடக்கநிலை நிறுவனங்களிடம் பணம் குறைவு, எதிர்பார்ப்பு அதிகம். கொடுக்க முடியாத சம்பளத்தைப் பங்காகக் கொடுப்பதே இதன் அடிப்படை. இந்தியாவில் இதை முன்னெடுத்தவற்றுள் முக்கியமானது இன்ஃபோசிஸ். 1994-இலேயே திட்டத்தைத் தொடங்கியது.

இரண்டு வடிவங்கள் பரவலானவை. ‘ஆப்ஷன்’ என்பது முன்கூட்டியே குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை. சந்தை விலை அதற்குக் கீழே போய்விட்டால் உரிமைக்குப் பயனில்லை. ‘ஆர்எஸ்யூ’வில் ஊழியர் விலை கொடுப்பதில்லை, நிபந்தனை நிறைவேறியதும் பங்கே கைக்கு வரும்.

இரண்டிலும் உரிமை உடனே முதிர்வதில்லை. நான்கு ஆண்டு முதிர்வுக் காலம் வழக்கமானது: முதல் ஆண்டு முடியும்போது கால் பங்கு, பிறகு மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் மிச்சம். பதினோராம் மாதத்தில் வேலையை விட்டவருக்கு ஒன்றுமில்லை. ஆப்ஷன் வழங்கிய நாளுக்கும் முதிர்வுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 62-ஆவது பிரிவு இத்திட்டங்களுக்கு இடமளிக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் 2021 ஒழுங்குமுறைகளும் உண்டு.

சிக்கல் வரியில்தான். ஊழியர் ஒருவர் 10 ரூபாய் விலையில் 1,000 பங்குகளை வாங்குகிறார். அன்றைய மதிப்பு 510 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட 5 லட்சம் ரூபாய் சம்பள வருமானமாகக் கணக்கிடப்படும். 30 சதவீத வரம்பில் இருப்பவர் மேல்வரியுடன் 1.56 லட்சம் கட்ட வேண்டும், ஒரு பங்கைக்கூட விற்காமலே. பட்டியலிடப்படாத நிறுவனமென்றால் விற்கச் சந்தையும் இல்லை. மெர்ச்சன்ட் பேங்கர் தரும் மதிப்புச் சான்றை வைத்து, கைக்கு வராத பணத்துக்கு வரி. பின்னர் விற்கும்போது 510-க்கு மேல் கிடைப்பது தனியாக மூலதன ஆதாயம். விலை சரிந்தால் முன்பு கட்டிய வரி திரும்பாது. அந்த நட்டத்தை மூலதன ஆதாயங்களோடு மட்டுமே ஈடுகட்டலாம். வேலை தேடுவோர் பங்கின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எப்போது விற்கலாம் என்பதை.

2010-இல் சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் 36 டாலர் வெளியீட்டு விலையில் பட்டியலானது. இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்களானதாக நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். அடுத்த ஆண்டே பங்கு விலை வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. விற்றவருக்கும் வைத்திருந்தவருக்கும் அதே ஒதுக்கீடு வெவ்வேறு தொகையானது.

பங்கை வாங்கும்போதே விழும் வரிச் சுமை 2007 முதல் 2009 வரை விளிம்புப் பயன் வரியாக நிறுவனத்தின்மேல் இருந்தது; அவ்வரி நீங்கியதும் மீண்டும் ஊழியர் தலையில் விழுந்தது. 2020 நிதிச் சட்டம் தகுதிபெற்ற புத்தொழில்களின் ஊழியர்களுக்கு வரி கட்டுவதைத் தள்ளிப்போட இடம் தந்தது. பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ அந்தத் தவணை அத்துடன் முடியும். சலுகைக்குரிய அரசுச் சான்று பெற்ற நிறுவனங்களோ, பதிவான புத்தொழில்களில் மிகச் சிலவே.