யாரக் கொண்டு பொறந்தோம்?

திண்டுக்கல் பக்கம் பிள்ளை பார்க்கப் போகிற பெண்கள் முதலில் கேட்பது, 'பிள்ள யாரக் கொண்டு இருக்கு?' என்றுதான். மூக்கு அப்பனைக் கொண்டிருக்கும், நெத்தி அப்பத்தாவைக் கொண்டிருக்கும். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை நல்ல செவப்பாகப் பிறந்தபோது ஊர்க்காரர்களின் கேள்வி வேறாக இருந்தது. 'சேரியில எப்படி இந்தக் கலரு?' என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியும்.

'கறுத்த பார்ப்பானையும் செவத்த பறையனையும் நம்பாதே' என்று பழமொழி வேறு வைத்திருக்கிறார்கள். கேவலமான பழமொழி. ஆனாலும் அதற்குள் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. கறுத்த பார்ப்பானும் செவத்த பறையனும் ஊருக்கு ஊர் இருந்ததால்தானே அப்படியொரு பழமொழி தேவைப்பட்டது?

என் அப்பா தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் வாத்தியார், 'ஒங்க ரத்தத்துல படிப்பு எங்கடா வரும்' என்பார். ரத்தத்தில் எது வரும், எது வராது என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த ஒரு பேச்சால்தான்.

இன்றைய செக் நாட்டில் ஒரு மடத்துத் துறவி, கிரிகோர் மெண்டல். 1856 முதல் எட்டு வருஷம் பட்டாணிச் செடிகளை ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். மஞ்சள் பயறு தருகிற செடியையும் பச்சைப் பயறு தருகிற செடியையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க மஞ்சள். அதற்கடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பச்சை திரும்பி வந்தது. அப்படியென்றால் பச்சை அழியவில்லை, ஒளிந்திருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு கூறுகள் வருகின்றன. ஒன்று இன்னொன்றை மறைக்கலாம், அழிக்க முடியாது. இதை அவர் 1865இல் வாசித்தார். 1900 வரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நம் உடம்பிலும் இதே கணக்குதான். புருஷனுக்கு ஏ வகை ரத்தம், பொண்டாட்டிக்கு பி வகை. பிள்ளைக்கு ஓ வகை வரலாம். இருவரிடமும் ஓ மறைந்திருந்தால் போதும். இது தெரியாமல் பெண்ணைச் சந்தேகப்படுவது அநியாயம். தோல் நிறமோ ஒரு மரபணுவோடு முடிகிற விஷயமில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் ஒரே வயிற்றில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று மாநிறமாகவும் பிறக்கும். நிறத்தை வெளுக்க வைக்கிற ஒரு மரபணு மாற்றத்தை 2005இல் கண்டறிந்தார்கள். அது வடக்கிலும் தெற்கிலும் பல சாதிகளில் பரவிக் கிடக்கிறது. எங்கள் தெருப் பிள்ளையும் அப்படித்தான் செவப்பு. அதற்கு எவனும் திருட்டுத்தனமாகச் சேரிக்குள் வந்திருக்க வேண்டியதில்லை.

மெண்டலை உலகம் மறுபடி கண்டெடுத்தது 1900இல். அதே காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே மூக்கை அளந்துகொண்டிருந்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சாதி கீழே இறங்குகிறது என்றார். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் ஆட்களை நிறுத்தி வைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. மூக்கும் நிறமும் புத்தியும் ஒரே மூட்டையாகக் கட்டி வருவதில்லை என்பதை அந்த அளவுகோல்கள் கணக்கில் கொள்ளவே இல்லை.

1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் சாதி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம், தன் சாதிக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுப்பது என்றார். அந்த மாணவர் அம்பேத்கர். 1936இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது இன்னும் தெளிவாகச் சொன்னார்: சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம், மக்கள் கலந்து வெகுகாலத்துக்குப் பிறகே சாதி வந்தது.

மரபணு ஆய்வு அதே இடத்துக்கு வந்து சேர 2013 வரை ஆனது. ஐதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 73 குழுக்களின் மரபணுவைப் பார்த்தார்கள். இரண்டு மூதாதை மக்கள் கலந்தால் அவர்களின் குரோமோசோம் துண்டுகள் தலைமுறைக்குத் தலைமுறை உடைந்து சின்னதாகிக்கொண்டே போகும். துண்டின் நீளத்தை வைத்துக் கலந்த காலத்தைக் கணிக்கலாம். சுமார் 4,200 முதல் 1,900 வருஷங்களுக்கு முன்புவரை இங்கே எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது. கலப்பின் விகிதம் சாதிக்குச் சாதி கொஞ்சம் மாறுகிறது, உண்மைதான். ஆனால் கலக்காத சுத்த ரத்தம் பார்ப்பனரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. இன்று சாதிகளுக்கிடையே தெரிகிற வித்தியாசம் சுவர் எழுப்பியதால் வந்தது. சுவர் எழுப்பக் காரணமாக இருந்ததல்ல.

அந்தச் சுவருக்கு உடம்பு கொடுக்கிற விலையும் இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தெற்காசியாவில் 81 குழுக்கள் சிறு எண்ணிக்கை மூதாதையரிடமிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்து வந்ததைக் காட்டியது. மறைந்திருக்கும் பழுதுக் கூறு இரண்டு பக்கமும் சேர்ந்தால் நோயாக வெளிப்படும். வைசியர்களில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கிற ஒரு மருந்து எளிதில் உடம்பை விட்டு இறங்காது. சுத்தம் என்று காப்பாற்றியது இதைத்தான்.

2016 மார்ச் 13. நம் மாவட்டத்துப் பழனிப் பெண் கௌசல்யாவைக் காதலித்து மணந்த தலித் இளைஞர் சங்கர், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூக்கும் கண்ணும் தலைமுறை தாண்டி வர எவனும் காவல் நிற்பதில்லை. சாதி ரத்தத்திலேயே இருக்கிறது என்றால் அதைக் காப்பாற்ற அருவா எதுக்கு?

காது குத்துவது நமக்கு எத்தனையோ தலைமுறைப் பழக்கம். எந்தப் பிள்ளையும் தொளையோடு பொறக்கவில்லை. சம்பாதித்த தழும்பு விதையில் ஏறாது. அப்பாவின் விரல்களில் சுண்ணாம்பு அரித்த புண் ஆறினதே இல்லை. என் கையில் அது இல்லை. ஆனால் அவர் பார்த்த வேலை என் அண்ணனுக்கு வந்தது. மரபணு வழியாக இல்லை, அப்பா வாங்கியிருந்த அட்வான்ஸ் வழியாக.

நாமும் ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சேரிக்குள்ளும் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று தனித்தனியாகத்தான் பெண் தேடுகிறோம். அதிலும் சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று அக்கா மகளைக் கட்டுகிறோம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் சராசரியாகக் கால்வாசி பொதுவானது. அவன் எழுப்பிய சுவருக்கு நாம் எதுக்கு வெள்ளையடிக்க வேண்டும்?